மறைந்த பின்னும் ஈந்த மரைக்காயர்

ஹலாலான வியாபாரம் மார்க்கம் சிறப்பித்த தொழில். கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே வணிகராக வாழ்ந்து காட்டினார்கள். தமிழகத்தில் அவ்வழி நடந்த செல்வர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வள்ளல் சீதக்காதி.

பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த இவரது இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். மக்கள் நாவில் அது சீதக்காதி ஆயிற்று. கடல் வாணிபத்தில் பெரும் பொருள் ஈட்டினார். டச்சுக்காரரின் பதிவேடுகளில் பெரிய தம்பி என்று இடம்பெற்றார். கிழவன் சேதுபதி மன்னரின் நண்பர். இவ்வளவு இருந்தும், ஞானமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் சொல்லுக்குப் பணிந்தே நடந்தார்.

தானியம் அரிதாகும் காலமே வியாபாரியின் ஈமானுக்குச் சோதனை. பதுக்கினால் கொள்ளை லாபம். மார்க்கமோ பதுக்கலைத் தடுக்கிறது. பஞ்ச காலத்தில் சீதக்காதி அன்னமிட்டதைப் படிக்காசுப் புலவர் பாடிப் புகழ்ந்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர்; பசித்த வயிற்றுக்கு வள்ளல் பேதம் பார்க்கவில்லை என்பதற்கு அப்பாட்டே சாட்சி.

எட்டயபுரத்து உமறுப் புலவரைக் கொண்டு நபிகளாரின் சரிதத்தைத் தமிழில் பாடச் செய்தவரும் இவரே. அது முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்க, 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களுடன் சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. கபுரிலிருந்து கை நீண்டதாக வழங்கும் கதை இருக்கட்டும். மறைந்தும் கொடுத்தது என்பது இதுவல்லவா? மனிதன் மரித்த பின்னும் நிலைத்த தர்மமும் பயனுள்ள கல்வியும் நன்மை சேர்க்கும் என்பது நாயக வாக்கு.

வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. மருந்து அறையில் ஓர் உராய்வு போதும், ஒரு வீட்டின் விளக்கு அணைந்துவிடும். அளவுக்கு மீறி ஆட்களையும் சரக்கையும் அறையில் அடைத்து லாபம் பார்த்துவிட்டு, ரமலானில் வாரி வழங்கினால் கணக்குத் தீருமா? உழைப்பவரின் உயிர்ப் பாதுகாப்பும் வியர்வை உலருமுன் கூலியும் அவரது ஹக்கு. பிறகு, சரக்குக்கு நூற்றுக்கு இரண்டரை ஜகாத் ஏழையின் ஹக்கு. இவ்விரண்டும் தீர்ந்த பின்னரே ஸதகா. கடை சிறிதாயினும் இந்த வரிசை மாறக்கூடாது.

நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நமக்குப் பின்னும் நிலைக்கும் நற்செயலையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.