ஐசன்ஹோவர் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த 1.5 செ.மீ. கட்டி: சாகும்வரை யாருக்கும் தெரியாதது ஏன்?

1944 ஜூன் 6-ல் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகளை இறக்கிய தளபதி. 1953 முதல் 1961 வரை அமெரிக்க அதிபர். பதவியில் இருக்கும்போது இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபரும் ட்வைட் ஐசன்ஹோவர்தான். 1959 டிசம்பரில் அவர் டெல்லி வந்தபோது தெருவெல்லாம் கூட்டம். இவ்ளோ பெரிய ஆளு, கூடவே மருத்துவர் இருந்தும் உடம்புக்குள்ள இருந்த கட்டியை யாரும் கண்டுபிடிக்கல.

1890-ல் டெக்சாஸில் பிறந்து, கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். 1915-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். ஒரு நாளைக்கு 4 பாக்கெட் சிகரெட் பிடித்து, 1949-ல் ஒரேயடியாக நிறுத்தினார். ரத்த அழுத்தம் திடீர்னு ஏறும், இறங்கும். தலைவலி உண்டு. முன்கோபம் ஊரறிந்தது.

1955 செப்டம்பரில் டென்வரில் கோல்ஃப் விளையாடிய நாளின் இரவில் நெஞ்சுவலி. முதலில் அஜீரணம்னு நினைச்சாங்க, மாரடைப்பு. 1956 ஜூனில் குடல் அடைப்புக்கு அறுவை சிகிச்சை. 1957 நவம்பரில் பக்கவாதம், பேச்சு தடுமாறியது. ஓய்வுக்குப் பிறகும் மாரடைப்புகள் தொடர்ந்தன. 1969 மார்ச் 28-ல் 78 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் இடது அட்ரினல் சுரப்பியில் அந்தக் கட்டி தெரிந்தது. பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. 2007-ல் இதய மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல். அதில் இந்தக் கட்டி வந்தால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கணக்கில்லாமல் கொட்டும். படபடப்பு, வியர்வை, தலைவலி, எகிறும் பிபி. அவருடைய மாரடைப்புக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அத்தனை வருஷ சிகரெட்டும் இருக்கே. ஆனால் 1956-லேயே கட்டி இருந்திருந்தால், அந்த அறுவை மேஜையில் அவர் உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் பிபி தாறுமாறாகப் போய் உயிரே போகலாம். அன்னிக்கு சிடி ஸ்கேன் கிடையாது. அது 1971-ல்தான் வந்தது.

இன்று ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரையை ஓரிரு வாரம் கொடுத்து பிபியை அடக்கிவிட்டு, லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுக்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இந்த அறுவையில் இறப்பு 100-க்கு 3-க்கும் கீழ்.

கட்டியை எடுத்தாச்சு, முடிஞ்சதா? அங்கதான் மரபணு வருது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுப் பிழை இருக்கிறது. ஆர்இடி, விஹெச்எல் பிழை என்றால் இரண்டு பக்கமும் கட்டி வரலாம். அதனால் சுரப்பியில் கொஞ்சத்தை மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். இரண்டையும் முழுசா எடுத்தால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரை வேணும். எஸ்டிஹெச்பி பிழைதான் மோசமானது. கட்டி வேறு இடங்களுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம், அறுவைக்குப் பல வருஷம் கழித்தும் வரும். அவர்களுக்குக் கண்காணிப்பு ஆயுளுக்கும் உண்டு.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் பிபின்னா முதல் பழி கருவாட்டு மேலதான். பெரும்பாலும் அது நியாயமும்கூட. ஆனால் 30 வயசுக்காரருக்கு மூணு மாத்திரை போட்டும் பிபி அடங்கலை, திடீர் திடீர்னு வியர்த்துப் படபடக்குதுன்னா, மெட்டாநெஃப்ரின் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ரத்தத்திலோ 24 மணி நேர சிறுநீரிலோ பார்ப்பார்கள். இதற்கான அறுவைக்கு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் தனித் துறையே இருக்கிறது.

சொந்தத்துல கட்டிக்கிட்டதால வந்ததான்னு வீட்டில் கேள்வி வரும். இல்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. ஒருவருக்குப் பிழை உறுதியானால் அண்ணன், தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.