வில்லியம் மெக்கியூவன்

வில்லியம் மெக்கியூவன் (ஜூலை 16, 1827 – மே 12, 1913) ஒரு ஸ்காட்லாந்து பீர் தயாரிப்பாளர், அரசியல்வாதி, கொடையாளர். எடின்பரோ நகரின் பவுண்டன் பீர் ஆலையை நிறுவியவர் இவரே.

== இளமை ==
அல்லோவா நகரில் கப்பல் உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சில காலம் கணக்கராகப் பணியாற்றியபின், 1851 முதல் எடின்பரோவில் தன் மாமன்மாரான ஜெஃப்ரி சகோதரர்களின் ஹெரியட் ஆலையில் தொழில் பயின்றார்.

== பவுண்டன் ஆலை ==
தாயும் மாமனும் அளித்த கடனைக் கொண்டு 1856இல் பவுண்டன்பிரிட்ஜ் பகுதியில் தனி ஆலை தொடங்கினார். தாது உப்புகள் நிறைந்த எடின்பரோ கிணற்று நீர் வெளிர்நிற ஏல் தயாரிக்க ஏற்றதாக இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா போன்ற நாடுகளுக்கும் இவரது பீர் ஏற்றுமதியானது. 1886இல் நிர்வாகப் பொறுப்பைத் தன் சகோதரி மகன் வில்லியம் யங்கரிடம் ஒப்படைத்தார்.

== அரசியலும் கொடைகளும் ==
1886 முதல் 1900 வரை லிபரல் கட்சி சார்பில் எடின்பரோ மத்திய தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தை 1,15,000 பவுண்டு செலவில் கட்டித் தந்தார். 1897இல் திறக்கப்பட்ட இக்கட்டிடம் மெக்கியூவன் மண்டபம் என அழைக்கப்படுகிறது. ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு பிரான்ஸ் ஹால்ஸ், ரெம்பிரான்ட் ஆகியோரின் ஓவியங்களை வழங்கினார்.

== குடும்பம் ==
1885இல் ஹெலன் ஆண்டர்சன் என்ற விதவையை மணந்தார். ஹெலனின் மகள் மார்கரெட் வளர்ப்பு மகளாகவே அறியப்பட்டார். எனினும் அவர் மெக்கியூவனின் சொந்த மகள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. தந்தையின் பெருஞ்செல்வம் அவரையே சேர்ந்தது. மார்கரெட் தன் போல்ஸ்டன் லேசி மாளிகையை 1942இல் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார்.

== மரபு ==
1931இல் இந்நிறுவனம் வில்லியம் யங்கர் நிறுவனத்துடன் இணைந்து ஸ்காட்டிஷ் புரூவர்ஸ் ஆனது. 1960இல் ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் உருவானது. பவுண்டன் ஆலை 2000களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது.

இன்று வீட்டிலேயே ஸ்காட்லாந்து ஏல் தயாரிப்போரிடம் இரு தவறான கருத்துகள் காணப்படுகின்றன:

* '''புகைச்சுவை:''' பீட் எனும் கரிமண்ணின் புகையூட்டிய மால்ட் விஸ்கிக்கு உரியது. எடின்பரோ ஏல் மரபுக்கு உரியதன்று. பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியும் இதை மரபுக்குப் புறம்பானதெனக் குறிப்பிடுகிறது.
* '''சில்லிங் பெயர்கள்:''' 60, 70, 80 சில்லிங் என்பவை முதலில் பீப்பாயின் மொத்த விற்பனை விலையைக் குறித்தன. இவை தயாரிப்பு முறைகளின் பெயர்கள் அல்ல.

மெக்கியூவன் காலத்து ஏலை மீட்டெடுக்க விரும்புவோர் பெயர்களைவிட, ஆலைகளின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளையே நம்ப வேண்டியுள்ளது. ஸ்காட்லாந்து ஆலைகள் பலவற்றின் பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.