ஹரால்டு யூரி

ஹரால்டு கிளேட்டன் யூரி (ஏப்ரல் 29, 1893 – ஜனவரி 5, 1981) அமெரிக்க வேதியியலாளர் ஆவார். ஐதரசனின் ஓரிடத்தானான டியூட்டீரியத்தைக் கண்டறிந்தமைக்காக 1934 ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கடல்வாழ் உயிரினங்களின் சுண்ணாம்புக் கூடுகளைக் கொண்டு பண்டைய கடல்களின் வெப்பநிலையைக் கணிக்கும் முறைக்கு அடித்தளமிட்டவரும் இவரே.

வாழ்க்கை

இந்தியானா மாநிலத்தின் வாக்கர்டன் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே மொன்டானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விலங்கியல் பயின்றார். 1923 இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1931 இல் டியூட்டீரியத்தைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்காக ஓரிடத்தான்களைப் பிரிக்கும் ஆய்வை அங்கு வழிநடத்தினார். 1945 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அணு ஆயுதங்கள் பன்னாட்டுக் கட்டுப்பாட்டின்கீழ் வரவேண்டும் எனத் தொடர்ந்து வலியுறுத்தினார்.

கடலின் வெப்பமானி

சுண்ணாம்புக் கூட்டில் ஆக்சிசன்-16, ஆக்சிசன்-18 என்னும் இரு ஓரிடத்தான்களும் உள்ளன. நீர் குளிர்ந்திருந்தால் கூட்டில் கனமான ஆக்சிசன்-18 சற்றே கூடுதலாகச் சேரும். இதனை யூரி 1947 இல் கணக்கிட்டு வெளியிட்டார். ஒரு பாகை செல்சியசுக்கு ஏற்படும் மாற்றம் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 2 பங்கு மட்டுமே. இதை அளக்கவல்ல நிறை நிறமாலைமானியை அவரது குழுவினர் உருவாக்கினர். 1951 இல் வெளியான ஆய்வில், சுராசிக் காலத்துப் பெலம்னைட்டு என்னும் கணவாய் இன உயிரியின் புதைபடிவத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்து, அது வாழ்ந்த கடலின் கோடையையும் குளிர்காலத்தையும் வேறுபடுத்திக் காட்டினர்.

பவளங்களில் பயன்பாடு

இம்முறை பின்னர் பவளங்களுக்கும் பயன்படுத்தப்பட்டது. பவளத்தின் உயிர்ச்செயல்களும் கடல்நீரின் ஓரிடத்தான் விகிதமும் அளவீட்டைப் பாதிப்பதால், யூரியின் கணக்கை அப்படியே பொருத்த இயலாது. எனவே வாழும் பவளங்களை, வெப்பநிலை அளக்கப்பட்ட நீருடன் ஒப்பிட்டுத் திருத்தம் செய்வர். இசுட்ரான்சியம், கால்சியம் விகிதமும் உடன் அளக்கப்படுகிறது.

ஆண்டுகளை எண்ணப் பவளத்தின் வளர்ச்சிப் பட்டைகள் உதவுகின்றன. பசிபிக் பெருங்கடலின் எனிவெட்டாக் பவளத்தீவில் அமெரிக்கா 1948 முதல் 1958 வரை அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றின் கதிரியக்கத் தடங்கள் அங்குள்ள பவளங்களில் பதிந்திருந்தன. சோதனைகளின் காலம் தெரிந்திருந்ததால், ஒளிர் பட்டையும் கரும் பட்டையும் சேர்ந்த ஓர் இணை ஓர் ஆண்டைக் குறிக்கும் என 1972 இல் நிறுவப்பட்டது. யூரி எதிர்த்துக் குரல் கொடுத்த ஆயுதங்களின் தடமே, அவர் வகுத்த முறைக்கு நாட்காட்டியாக அமைந்தது.

மறைவு

1958 முதல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூரி, 1981 இல் லா ஹோயாவில் காலமானார்.