இரவு நிழல்கள்

எட்வேட் ஹொப்பர் என்றதும், இரவு உணவுச்சாலையிற் பேச்சின்றி அமர்ந்திருக்கும் மாந்தரைத் தீட்டிய வண்ண ஓவியரே பலர்க்கும் நினைவில் எழுவர். யான் ஈண்டு எழுதப் புகுவது அதற்கு முந்திய, வண்ணமில்லாத ஹொப்பரைப் பற்றி.

நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள நயாக் என்னும் ஊரில் 1882 இற் பிறந்தவர் அவர். 1913 இல் நியூயோர்க்கில் நடந்த பெருங் கண்காட்சியில் அவருடைய பாய்மரப் படகோவியம் ஒன்று 250 டொலருக்கு விலைபோயிற்று. அடுத்த ஓவியம் விற்றது 1923 இல். இடையிற் பத்தாண்டுகள்! வயிற்றுப்பாட்டுக்காகச் சஞ்சிகைகட்குப் படம் வரைந்தார். அத்தொழிலை மனமார வெறுத்தார். அந்நாளில், வாஷிங்டன் சதுக்கத்து வீட்டின் மேன்மாடியில் அவருக்குத் துணையாயது செப்புத்தகடு.

தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் ஒற்றியெடுப்பர். ஹொப்பர் மிக வெண்மையான தாளையும் மிகக் கரிய மையையும் தேடி வாங்கினார். இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் அவருக்கு நாட்டமில்லை.

1921 இற் செதுக்கிய 'இரவு நிழல்கள்' ஒரு சாணுக்கும் குறைந்த படம். நள்ளிரவுத் தெருமூலை, பூட்டிய கடை, தெருவுக்குக் குறுக்கே ஒரு கம்பத்தின் நீண்ட நிழல். ஒருவன் நடந்து போகின்றான். உயரத்திலிருந்து நோக்குவதால் அவன் முகம் நமக்குத் தெரிவதில்லை. கொலையோ களவோ நிகழப்போகின்றதென அஞ்சுவார் சிலர். யான் அவ்வாறு கொள்ளேன். நடப்பவன் தனியன், மேலே சாளரத்தருகே உறக்கமின்றி நின்று அவனைக் காண்பவனும் தனியன். இவன் அங்கு நிற்பதை அவன் அறியான். பாலைத்திணையைப் பாடஞ் சொல்லுங்கால் இப்படம் என் நினைவில் வருவதுண்டு. பாலையில் வழிச்செல்வோர்க்கு ஆறலை கள்வரேனும் எதிர்ப்படுவர். இலட்சக்கணக்கானோர் உறங்கும் மாநகரில் இவனுக்கு எதிரே வருவார் எவருமிலர்.

இப்படம் 1924 இல் நியூ ரிபப்ளிக் இதழ் வெளியிட்ட செதுக்கோவியத் தொகுதியில் இடம்பெற்றுப் பலர் கைக்குச் சென்றது. அவ்வாண்டே அவர் ஓவியரான ஜோசபீன் நிவிசனை மணந்தார். நீர்வண்ண ஓவியங்களும் விலைபோயின. அதன்பின் செப்புத்தகட்டை அவர் நாடியது அரிது. ஆயினும் வீட்டை மாற்றினாரல்லர். 1967 மே 15 ஆம் நாள் அம்மேன்மாடியிலேயே உயிர்துறந்தார். பழைய அச்சுப்பொறி அப்பொழுதும் அங்கேயே நின்றது.