மருத்துவச் செலவை அரசின் பொறுப்பாக்கிய டாமி டக்ளஸ்

தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது ஒரு விவாதப் போட்டியில் பேசினேன். மக்களின் மருத்துவச் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டுமா என்பது தலைப்பு. எங்கள் அணிக்கு ‘வேண்டாம்’ என்ற பக்கம் விழுந்தது. இலவசம் என்றால் தலைவலிக்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓடுவார்கள், வரி ஏறும், வரிசை நீளும் என்று அடுக்கினேன். எதிரணியினர் கனடாவின் டாமி டக்ளஸைப் பற்றி இரண்டு வரி சொன்னார்கள். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. போட்டி முடிந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

டக்ளஸ் 1904ல் ஸ்காட்லாந்தில் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் விழுந்து முழங்காலில் அடிபட்டது. காயம் எலும்பில் கிருமித்தொற்றாக மாறி ஆண்டுக்கணக்கில் வாட்டியது. குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறிய பிறகும் குணமாகவில்லை. காலையே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தது. எலும்பு நிபுணரிடம் காட்டப் பெற்றோரிடம் பணமில்லை. அப்போது ஒரு நிபுணர் தற்செயலாக அந்தச் சிறுவனைப் பார்த்தார். தம் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பெற்றோர் சம்மதித்தால் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்வதாகச் சொன்னார். கால் பிழைத்தது. பின்னாளில் அதே காலோடு குத்துச்சண்டை மேடையேறி மானிட்டோபா மாநில லைட்வெயிட் பட்டத்தையும் வென்றார்!

அந்த நிபுணர் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் டக்ளஸை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. பாதிரியாராகி, 1930ல் சஸ்கச்சுவான் மாநிலத்தின் வெய்பர்ன் என்ற சிற்றூருக்குப் போனார். பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து விவசாயிகளை நொறுக்கிய காலம். மருத்துவ உதவி எட்டாமல் இறந்தவர்களை அடக்கம் செய்வதும் அவர் வேலையானது. பிரசங்கம் மட்டும் போதாது என்று அரசியலுக்கு வந்தார். 1944ல் மாநில முதல்வரானார். சுகாதார அமைச்சையும் தாமே வைத்துக்கொண்டார்.

அவரைப் புனிதராக்க வேண்டாம். 1933ல் எழுதிய முதுநிலை ஆய்வில், ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுக்கலாம் என்ற கருத்தை ஆதரித்திருந்தார். படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் ஆட்சிக்கு வந்தபோது, அத்தகைய சட்டம் கொண்டுவரும் பரிந்துரைகளை அவரே நிராகரித்தார்.

செலவு விஷயத்தில் அவர் கைவீசிச் செலவழித்தவர் அல்லர். மாநிலம் கடனில் இருந்ததால் படிப்படியாகவே நகர்ந்தார். 1947ல் மருத்துவமனைக் காப்புறுதி வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு 5 டாலர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர் சந்தா. மருத்துவர் கட்டணத்துக்கும் காப்புறுதி தர அதன்பின் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1958 முதல் மருத்துவமனைச் செலவில் ஏறக்குறையப் பாதியை மத்திய அரசு ஏற்கத் தொடங்கியது. கையில் பணம் மிஞ்சியதும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

மருத்துவர்கள் கொதித்தார்கள். பணம் கொடுக்கும் அரசு நாளை சிகிச்சையிலும் தலையிடும் என்பது அவர்கள் பயம். அதை வெறும் பேராசை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1962 ஜூலை 1ஆம் தேதி சட்டம் நடப்புக்கு வந்த அன்றே பெரும்பாலான மருத்துவர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 23 நாளில் உடன்பாடு ஏற்பட்டது: மருத்துவர்கள் அரசு ஊழியர்களாக மாட்டார்கள், தனியாகவே தொழில் நடத்துவார்கள், கட்டணத்தை மட்டும் பொதுக் காப்புறுதி செலுத்தும்.

அந்த நாள்களில் டக்ளஸ் முதல்வர் பதவியில் இல்லை. 1961ல் தேசியக் கட்சி ஒன்றுக்குத் தலைமையேற்கப் போய்விட்டார். புயலைத் தாங்கியவர் அவருக்குப் பின் வந்த உட்ரோ லாயிட். டக்ளஸோ, 1962 ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ரெஜைனா தொகுதியில் தோற்றார். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1966ல், வேறொரு கட்சியின் அரசு அவருடைய திட்டத்தை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. அவர் 1986ல் மறைந்தார். 2004ல் கனடிய ஒலிபரப்புக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் அவரையே ஆகச் சிறந்த கனடியராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கனடாவில் இன்று நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. வரிசை நீளும் என்று நான் பேசியது முழுத்தவறு இல்லை. மருத்துவர்கள் கூடுதல் கட்டணம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தைக் கனடா 1984ல் இயற்றியது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் மெடிசேவ் தொடங்கியது. அங்கே பொதுப்பணம், இங்கே அவரவர் சேமிப்பும் சேர்ந்து.

அன்றைய போட்டியில் எங்கள் அணிதான் வென்றது. எதிரணியில் டக்ளஸின் பெயரைச் சொன்ன தோழிக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவைக்கப் போகிறேன்.