பெயர் சூட்டிய பேரறிஞர் கார்ல் லின்னேயஸ்

ஒரு பொருளை அறிய முற்படுவோர் முதற்கண் நாடுவது அதன் பெயரையே. பெயரில்லாத பொருளைப் பற்றிப் பிறர்க்கு எடுத்துரைத்தல் அரிது. ஒரே பெயர் இரு பொருள்களுக்கு வழங்குமாயின் அதனால் விளையும் மயக்கமோ பெரிது. நம் நாட்டு மருத்துவத்தில் கரிசலாங்கண்ணி என்னும் பெயர் வெண்ணிறப் பூப் பூக்கும் ஒரு மூலிகைக்கும், மஞ்சள் நிறப் பூப் பூக்கும் வேறொரு மூலிகைக்கும் வழங்கி வருகின்றது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு பேரினத்தைச் சார்ந்தவை. பெயரை மட்டுமே அறிந்தவன் எதனைப் பறிப்பது? ஊர்தோறும் மொழிதோறும் பெயர் வேறுபடும் இவ்வுலகில், எல்லா நாட்டாரும் ஐயமின்றி வழங்கத்தக்க ஒரு பெயர்முறையை நிலைநிறுத்திய பெருமை சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் அவர்களையே சாரும். அவர்தம் வாழ்வையும் பணியையும், அவர் சறுக்கிய இடத்தையும், மாணவச் செல்வங்கள் உளங்கொள்ளும் வண்ணம் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் குடும்பப் பெயரும்

லின்னேயஸ் 1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், சுவீடனின் தென்பகுதியாகிய ஸ்மோலாந்து மாநிலத்தில் ரோஷுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் நீல்ஸ் இங்கேமார்சன் ஒரு கிறித்தவ குருமார். தோட்டக்கலையில் தீராக் காதல் கொண்டவர். இங்கேமார்சன் என்பது குடும்பப் பெயரன்று. இங்கேமாரின் மகன் என்பதே அதன் பொருள். நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன்னே இடுவதும், அரபு மக்கள் இன்னாரின் மகன் என்னும் பொருளில் 'பின்' என்று சேர்ப்பதும் போன்ற வழக்கமே அது. பல்கலைக்கழகத்தில் சேரும்போது நீல்ஸுக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. தம் குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை எண்ணி அவர் லின்னேயஸ் என்று பெயர் பூண்டார். உலகிலுள்ள மரஞ்செடிகளுக்கெல்லாம் பெயர் தரப் பிறந்தவரின் பெயரே ஒரு மரம் தந்த பெயர் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

கல்வியும் வறுமையும்

வெக்ஷே நகரப் பள்ளியில் பயின்ற காலத்தில் லின்னேயஸ் பாடநூல்களைக் காட்டிலும் வயல்வெளிச் செடிகளையே மிகுதியும் நாடினார். குருமார் பணிக்கு இவர் தகுதியற்றவர் என்று ஆசிரியர்கள் தந்தையிடம் கூறினர். மனமுடைந்த தந்தைக்கு ஆறுதல் கூறியவர் அப்பள்ளியில் கற்பித்த மருத்துவர் யோஹான் ரோத்மன் ஆவார். மாணவனின் உண்மையான நாட்டத்தைக் கண்டறிந்த அவர், தம் இல்லத்தில் தங்கவைத்து மருத்துவமும் தாவரவியலும் கற்பித்தார். ஒரு நல்லாசிரியரின் கூரிய பார்வை அறிவியலின் போக்கையே மாற்றியது எனின் மிகையன்று.

1727இல் லுண்ட் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழகத்திலும் அவர் சேர்ந்தார். அங்கே வறுமை வாட்டியது. அவர்தம் தாவர அறிவைக் கண்டு வியந்த இறையியல் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ் உறைவிடமும் உணவும் அளித்துக் காத்தார். 1730இல், தாம் மாணவராயிருந்த காலத்திலேயே, பல்கலைக்கழகத் தோட்டத்தில் பிற மாணவர்க்குத் தாவரவியல் விளக்கவுரை நிகழ்த்தும் பேறு அவருக்கு வாய்த்தது. 1732இல் வடகோடியிலுள்ள லாப்லாந்துக்குச் சென்று, ஏறத்தாழ ஐந்து திங்கள் குளிரிலும் சதுப்பிலும் அலைந்து, செடிகொடிகளையும் அங்கு வாழும் சாமி மக்களின் வாழ்க்கையையும் குறித்து வந்தார்.

ஆலந்தில் பெற்ற புகழ்

1735இல் ஆலந்து நாட்டுக்குச் சென்று ஹார்டர்வைக் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே லெய்டன் நகரில் 'சிஸ்டமா நேச்சுரே' என்னும் அவரது நூல் வெளிவந்தது. பெரிய அளவில் அச்சிடப்பட்ட சில தாள்களே கொண்ட அந்நூல், கனிமங்கள், தாவரங்கள், விலங்குகள் என மூவுலகையும் ஒழுங்குற வகுத்துக் காட்டியது. பூவின் மகரந்தத்தாள்களை எண்ணியும் அவற்றின் அமைப்பை நோக்கியும் தாவரங்களை 24 வகுப்புகளாக அவர் பிரித்தார். பூக்களின் இனப்பெருக்க உறுப்புகளை அடிப்படையாகக் கொண்டமையால் சிலர் முகஞ்சுளித்தனர். எனினும் எண்ணத் தெரிந்த எவரும் கையாளத்தக்க எளிய முறையாதலின் அது விரைந்து பரவியது.

ஆலந்தில் செல்வர் ஜார்ஜ் கிளிஃபர்டின் தோட்டத்தை மேற்பார்த்தபோது, கண்ணாடி மனைக்குள் வளர்த்த வாழையை 1736இல் பூக்கச் செய்து, அதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். வாழைக்குரிய 'மூசா' என்னும் பேரினப் பெயர் 'மவ்ஸ்' என்ற அரபுச் சொல்லினின்று பிறந்தது என்பர். சுவனத்துக் கனி வாழையே என்ற பழைய கதையை ஒட்டி, பின்னாளில் அதற்கு 'மூசா பாரடிசியாகா' என்று அவர் பெயரிட்டார்.

1738இல் தாயகம் திரும்பி ஸ்டாக்ஹோமில் மருத்துவராய் விளங்கினார். 1739இல் சுவீடன் அறிவியல் கழகத்தின் முதல் தலைவரானார். சாரா எலிசபெத் மொரேயா என்னும் நங்கையை மணந்ததும் அவ்வாண்டிலேயே. 1741இல் உப்சாலாவில் பேராசிரியர் பதவி ஏற்றார்.

இருசொற் பெயர்முறை

பெயர் மயக்கம் பண்டைய அறிஞர்க்கும் இடர் தந்த ஒன்றே. ஸ்பெயினின் மாலகா நகரில் தோன்றிய இப்னு பைத்தார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சற்றொப்ப 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்துரைத்தபோது அரபு, கிரேக்கம் முதலிய பல மொழிப் பெயர்களையும் ஒப்பவைத்துக் காட்டினார். ஐரோப்பிய அறிஞரோ ஒரு செடிக்குப் பெயராக ஒரு நீண்ட இலத்தீன் தொடரையே எழுதினர். தக்காளியைக் குறிக்க வேண்டின், முள்ளற்ற மென்தண்டும் பிளவுண்ட சிறகிலைகளும் கிளைக்காத பூங்கொத்தும் உடைய சொலானம் என்னும் பொருள்பட ஒரு தொடர் முழுவதையும் உரைத்தல் வேண்டும். புதிய செடி ஒன்று கண்டறியப்படுந்தோறும் தொடர் மேலும் நீண்டது.

1753இல் வெளிவந்த 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' என்னும் இரு பெருந்தொகுதிகளில், ஏறத்தாழ 5,900 தாவரங்களுக்கு லின்னேயஸ் இரண்டே சொற்களில் பெயர் தந்தார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் அதனுள் அடங்கிய சிற்றினத்தையும் குறிக்கும். தக்காளி 'சொலானம் லைகோபெர்சிகம்' ஆயிற்று. இருசொற் பெயர்கள் அவர்க்கு முன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவற்றை எல்லாத் தாவரங்களுக்கும் முறைப்பட வழங்கியதே அவர் சாதனை. 1758இல் வந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கும் அம்முறையை விரித்தார். தாவரப் பெயரீட்டுக்கு 1753ஆம் ஆண்டு நூலும், விலங்குப் பெயரீட்டுக்கு 1758ஆம் ஆண்டு நூலுமே இன்றளவும் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

இலத்தீன் ஆடையில் நம் சொற்கள்

இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மாமரத்திற்கு அவர் தந்த 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்னும் பெயரின் முற்பகுதி, போர்த்துகீசியர் வழியே ஐரோப்பா சென்ற நம் மாங்காயே. பாக்கு மரத்தின் 'அரேகா' மலையாளத்து அடக்காயினின்று, அஃதாவது நம் அடைக்காயின் உடன்பிறப்பினின்று, பிறந்தது. புளியின் 'டாமரிண்டஸ்' இந்தியப் பேரீச்சை எனப் பொருள்படும் 'தமர் ஹிந்தி' என்ற அரபுச் சொல்லே. நம் நிலத்துச் செடிகளை அவர் அறிந்தது நூல்கள் வாயிலாகவும் உலர்செடித் தொகுப்புகள் வாயிலாகவும் ஆகும். இலங்கையில் பவுல் ஹெர்மன் திரட்டிய செடிகளைக் கொண்டு 1747இல் தனி நூல் எழுதினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' அவர்க்குப் பெருந்துணையாயிற்று. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த அந்நூலுக்கு மூலிகை அறிவை வழங்கியவர் கேரளத்து வைத்தியர் இட்டி அச்சுதன் முதலியோர். ஆகவே, ஒருவர் பெயரால் விளங்கும் அறிவுக்குப் பின்னே பலநாட்டு எளியோரின் அறிவு நிற்பதை நாம் மறத்தலாகாது.

உயிரீந்த மாணாக்கர்

தம் மாணவர்களை லின்னேயஸ் உலகின் பல திசைகட்கும் அனுப்பினார். அவர்களுள் பலர் மீளவில்லை. டெர்ன்ஸ்ட்ரோம் 1746இல் சீனம் செல்லும் வழியிலும், ஹாசெல்குவிஸ்ட் 1752இல் ஸ்மிர்னா அருகிலும், லோஃப்லிங் 1756இல் வெனிசுவேலாவிலும் மாண்டனர். டேனிய மன்னரின் அரேபியக் குழுவில் 1761இல் புறப்பட்ட பேத்தர் ஃபோர்ஸ்கால் அரபு மொழி கற்று, எகிப்திலும் யமனிலும் செடிகளை அவற்றின் அரபுப் பெயர்களோடு குறித்து வைத்தார். 1763இல் யமன் நாட்டு யரீம் நகரில் மலேரியா கண்டு இளமையிலேயே இறந்தார். அவர் குறிப்புகளை உடன்சென்ற கார்ஸ்டென் நீபூர் 1775இல் வெளியிட்டார். ஆசிரியரோ, பற்றினால் விடாது ஒட்டும் ஒரு செடிக்கு 'ஃபோர்ஸ்கோலியா டெனாசிசிமா' என்று தம் மாணவர் பெயரைச் சூட்டினார். உறுதி குன்றாத அவ்விளைஞர்க்கு அதுவே நினைவுச் சின்னம்.

தமிழகத்துக்கும் ஒருவர் வந்தார். லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடி அடைந்தார். பின்னர் ஆற்காடு நவாபின் இயற்கை ஆய்வாளராகப் பணிபுரிந்தார். நம் மண்ணின் செடிகளை ஆசிரியர்க்கு அனுப்பி, 1785இல் இந்தியாவிலேயே மறைந்தார்.

சறுக்கிய இடம்

மனிதனுக்கு 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்று பெயரிட்டு, விலங்குகளின் வரிசையிலேயே வைத்துக் காட்டியவர் லின்னேயஸ். ஆயின் மனிதரை நிலப்பகுதியும் நிறமும் கொண்டு நால்வகையாகப் பிரித்ததோடு அவர் நிற்கவில்லை. 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு வகையினர்க்கும் குணங்களையும் கற்பித்து, ஐரோப்பியரை உயர்த்தியும் ஆசிய, ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்தியும் எழுதினார். செடியின் மகரந்தத்தாளை எண்ணிப் பார்த்தவர், இங்கே எதனையும் எண்ணிப் பாராமல், கேட்டதையே எழுதினார். அவ்வெழுத்து பிற்கால நிறவெறிக்கு ஆதாரமாயிற்று. மனித குலம் ஒன்றே என்பதை இன்றைய மரபணு ஆய்வு உறுதி செய்துள்ளது.

பெயரும் புண்படுத்தும் என்பதை அறிவுலகம் உணரத் தலைப்பட்டுள்ளது. அவர் மாணவர் துன்பெர்க் தென்னாப்பிரிக்க முருக்க மரம் ஒன்றுக்கு 'எரித்ரினா காஃப்ரா' எனப் பெயரிட்டிருந்தார். 'காஃப்ரா' என்பது கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லாய் மாறியமையால், அதுபோன்ற 200க்கும் மேற்பட்ட பெயர்களை 'ஆஃப்ரா' என மாற்ற 2024இல் மாட்ரிட் நகரில் கூடிய தாவரவியலார் முடிவு செய்தனர்.

வீழ்ந்ததும் நிலைத்ததும்

கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களை லின்னேயஸ் பிற்காலப் பதிப்பில் 'கேயாஸ்', அஃதாவது குழப்பம், என்னும் பெயரில் அடக்கினார். செல்லின் அமைப்பு அன்று விளங்கவில்லை. 1831இல் ராபர்ட் பிரவுன் தாவர செல்லின் மையத்திலுள்ள பகுதிக்கு நியூக்ளியஸ் எனப் பெயர் தந்தார். அவ்வாய்வுரை படிக்கப்பெற்றது லண்டனில் லின்னேயஸ் பெயரால் அமைந்த கழகத்திலேயே. 1838இல் ஷ்லைடனும் 1839இல் ஷ்வானும் தாவரமும் விலங்கும் செல்களால் ஆனவை என நிறுவினர். நியூக்ளியஸ் இல்லாத பாக்டீரியா தனிப்பிரிவாயிற்று. லின்னேயஸ் செடிகளோடு சேர்த்த காளான்கள், செல்சுவர் முதலியவற்றால் வேறுபட்டமையால் தனி உலகமாயின. மகரந்தத்தாள் கணக்கு மறைந்தது. எனினும் புதிதாய்க் காணும் பாக்டீரியாவுக்கும் இன்றும் இரு சொற்களிலேயே பெயர் வைக்கின்றனர். தனி மனிதரின் கணிப்பு மாறிற்று. எல்லார்க்கும் பொதுவாய்த் தந்த முறை நிலைத்தது.

மறைவு

1774 முதல் வாதநோய் லின்னேயஸைத் தாக்கியது. இறுதி நாட்களில் அவர் நினைவு மங்கியது. தம் நூல்களையே எடுத்துப் படித்து வியந்தவர், அவற்றை எழுதியவர் தாமே என்பதை அறிந்திலர். ஆயிரமாயிரம் உயிர்கட்குப் பெயர் தந்த நெஞ்சம் தன்னையே மறந்த நிலையில், 1778ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அவர் காலமானார். உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

மாணவ நண்பர்களே! ஒன்றுக்குப் பெயரிடுதல் அதன் மேல் ஆட்சி செலுத்துதலன்று. அதனை உற்று நோக்கி, உள்ளவாறு உரைப்பதாகப் பொறுப்பேற்றலாம். உற்று நோக்கிய இடத்தில் லின்னேயஸ் உலகுக்கு ஒளியானார்; நோக்காது உரைத்த இடத்தில் தலைமுறைகட்குத் தீங்கானார். செடியாயினும் மனிதராயினும், பெயர் கூறுமுன் ஒருகணம் நின்று நோக்கும் பண்பினை நாம் பெறுவோமாக.