யோபுவின் கதையைக் கேட்டவர்



முடிவுவரை நிலைத்து நிற்பவருக்கே மீட்பு என்று ஆண்டவர் இயேசு சொல்வதை மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இதில் மீட்பு என்னும் சொல் நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. முடிவுவரை என்னும் சொல்லைத்தான் பெரும்பாலும் கவனிக்காமல் போய்விடுகிறோம். அந்தச் சொல்லை மூன்று ஆண்டுகள் தம் உடலில் சுமந்தவர் நம் மண்ணின் மறைச்சாட்சியான புனித தேவசகாயம்.

அவரது வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில், உயர்குடி நாயர் குடும்பத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றினார். குறையேதுமில்லாத வாழ்க்கை. ஆனால் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. ஆடுமாடுகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. யார் செய்த பாவமோ, எந்தத் தெய்வத்தின் கோபமோ என்று மனம் உடைந்திருந்தார்.

அந்நேரத்தில் அவருக்கு ஆறுதலாக வந்தவர் டிலனாய் என்னும் கத்தோலிக்கர். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து, தோற்று, கைதியாகி, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளிக்கும் தளபதியானவர். எல்லாவற்றையும் இழப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் நீலகண்டனுக்குப் பெரிய இறையியல் எதையும் போதிக்கவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். மந்தைகளையும் மக்களையும் ஒரே நாளில் இழந்தும் இறைவனைப் பழிக்காத மனிதரின் கதை அது. துன்பம் வந்தால் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று பொருளல்ல என்பதை நீலகண்டன் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்.

1745ஆம் ஆண்டு மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று பெற்றுக்கொண்டார். கடவுளே உதவி என்பது அதன் பொருள். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். யோபுவின் நூல் எப்படி முடிகிறது? இழந்தது எல்லாம் இரு மடங்காகத் திரும்பி வருகிறது. அந்தக் கதையைக் கேட்டு வந்த தேவசகாயத்துக்கு என்ன திரும்பி வந்தது? மாடுகள் வரவில்லை. இருந்த பதவியும் மதிப்பும் போயின. சாதி பாராமல் எல்லாரோடும் ஒன்றாகப் பழகினார், உண்டார். அன்றைய சமூகத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குற்றமாக இருக்கவில்லை. அரண்மனையில் பகை வளர்ந்தது. அரச துரோகக் குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

நவநாள் செபம் சொல்லியும் நினைத்தது நடக்கவில்லை, சாமி, இனி எந்தக் கோயிலுக்குப் போவது என்று நம்மிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. அவர்களின் வேதனை உண்மையானது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மீட்பு என்றால் மாடுகள் திரும்பி வருவது என்று நாமும் சில நேரங்களில் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லிப் பழக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் இருக்கிறது.

அதன்பின் நடந்தவற்றை எழுதவே கை நடுங்குகிறது. கைகளைக் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மீது பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அரண்மனையில் தலைநிமிர்ந்து நடந்தவருக்கு அடியை விட அந்த அவமானம் பெரிது. அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்தார்கள். புலியூர்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் செபித்து முழங்கையால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அந்த முட்டிடிச்சான் பாறைக்கு இன்றும் திருப்பயணிகள் செல்கிறார்கள்.

இதில் நம்மை வியக்கவைப்பது சித்திரவதையின் கொடுமையை விட அதன் நீளமே. ஒரே நாளில் வாளுக்குத் தலைகொடுப்பது வேறு. இந்த மதத்தை விட்டுவிடு, போய்விடலாம் என்ற வாசல் தினமும் திறந்திருக்க, தினமும் மறுப்பது வேறு. திங்கட்கிழமை சொன்ன மறுப்பு செவ்வாய்க்கிழமைக்குப் போதாது. இப்படி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! கடைசியில் 1752ஆம் ஆண்டு ஜனவரி 14 இரவு, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட அவரது உடலின் எஞ்சிய பகுதிகளை மக்கள் கண்டெடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் நிலைத்து நின்றார். நாம்? அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் வைத்து ஆலயம் கட்டினோம். 1910இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. பிற மதத்தாரா நம்மைப் பிரித்தார்கள்? ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய நாம்தான் பிரித்துக்கொண்டோம். 2012 டிசம்பர் 2 அன்று கோட்டாற்றில் அவர் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அப்போது அவரது பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்னும் சாதிப் பட்டத்தைத் திருச்சபை விட்டுவிட்டது. இன்னும் சில திருமண அழைப்பிதழ்கள் நம் மேசைக்கு வரும்போது, நாம் எவ்வளவு விட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கணவர் கட்டுண்டு கிடந்த காலத்தில் அவர் எப்படி உறங்கியிருப்பார்? கணவர் இறந்தபின் பழைய உறவுகளிடம் திரும்பிப் போயிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வடக்கன்குளத்திலேயே தங்கி, கிறிஸ்தவராகவே வாழ்ந்து மறைந்தார். அவருக்கு எருமை ஊர்வலம் இல்லை, துப்பாக்கிக் குண்டு இல்லை, புனிதர் பட்டமும் இல்லை. காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, செபம் சொல்லி, விதவையாக ஆண்டுகளைக் கடத்தி, அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.